இருபத்தாறு பவுண்டு காற்று

போன மாதம் ஒரு நாள் காலை மருமகன் காரைக் கிளப்பியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. டயரில் காற்று குறைந்தால் இந்தக் காலத்துக் கார் தானே சொல்லிவிடுமாம். அவர் இறங்கி நாலு சக்கரத்தையும் சுற்றிவந்து பார்த்தார். பிறகு எதிர்வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார். அங்கே புதிதாகக் குடிவந்திருக்கும் வடநாட்டுப் பையன்கள் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நாலிலும் குறைந்திருக்கிறது என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

எனக்கு அந்தப் பேச்சு புதிது அல்ல. இதே ஓசூரில், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ஒரு குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அந்த ஒரு பேச்சுத்தான் நடந்தது. நீங்களும் என் வயதுக்காரர்கள். வேலைக்காகப் பெற்றவர்கள் ஊர்விட்டு ஊர் வந்த வீடுகளில் வளர்ந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரரை நம்பலாமா என்ற கேள்வியோடு சோறு தின்ற வீடுகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அப்பா கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஓசூரில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கே வேலைக்கு வந்தார். இரும்பு உருப்படிகளை அளந்து பார்த்து, சரி என்றும் தப்பு என்றும் ஒதுக்குகிற பிரிவில் இருந்தார். அளக்காமல் எதையும் நம்பக் கூடாது என்பது அவருக்கு வேலையில் ஒட்டிய பழக்கமா, பிறவியிலேயே இருந்ததா என்று தெரியாது. அம்மா வாங்கிவரும் பாலையும் ஒருதரம் ஆழாக்கில் ஊற்றிப் பார்ப்பார்.

மாடி வீட்டில் நாங்கள் இருந்தோம். கீழ்வீட்டில் ஓசூருக்குப் பக்கத்திலிருக்கும் பேரிகை ஊர்க்காரர்கள். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்களோடு தமிழ், காய்காரியோடு கன்னடம். அந்த அத்தை தன் மகளை ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைப்பதற்காகவே வாடகைக்கு இருந்தார். மாமா பேரிகையில் விவசாயம் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை மாலை மொபெட்டில் வருவார், திங்கட்கிழமை காலை போவார். மகள் என் வகுப்பு. இருவரும் ஒரே பெஞ்சு. எங்கள் மாடிப்படியின் கீழே இருந்த இருட்டு மூலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நுழையக்கூடிய ஒரு இடம் இருந்தது. அங்கே எப்போதும் புளி வாசம் வரும். மாமாவின் தோட்டத்துப் புளி தை மாதத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அத்தை அதை முற்றத்தில் காயவைத்து, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, உருண்டை பிடித்து விற்பார். அவருடைய விரல் நுனிகள் அந்த மாதங்களில் பழுப்பு நிறத்திலேயே இருக்கும்.

அந்த முற்றத்துக்குத்தான் எங்கள் கார் வந்தது.

என் தம்பிக்கு அப்போது நாலு வயது. ஓசூர்க் குளிர் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மார்கழி வந்தால் நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி இழுப்பு. கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடம் காட்டினால் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ்ஸில் அவனைப் போர்த்திக்கொண்டு போய்வருவது கஷ்டமாக இருந்ததால், பெங்களூரில் ஒரு அதிகாரி ஓட்டிக் கழித்த காரை அப்பா வாங்கினார். வெளிர் நீலம். உள்ளே ரெக்சின் சூடேறினால் வரும் நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அம்மாவுக்கு அந்த நாற்றத்திலேயே வாந்தி வரும். காரை விற்றுவிட்டு, வெயில் அடிக்கிற கிருஷ்ணகிரியிலேயே வீடு பார்க்கலாம் என்று கார் வந்த வாரமே அவள் சொன்னாள். அப்பா கேட்கவில்லை.

டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்பதில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கூட வேலைபார்த்தவர் கல்லு மாதிரி வைத்தால்தான் பெட்ரோல் மிச்சம் என்றார். பெட்ரோல் பங்க்கில் காற்றடிப்பவர் குழந்தை வரும் வண்டி, கொஞ்சம் மெத்தென்று இருக்கட்டும் என்றார். அப்பா யாரையும் நம்பவில்லை. முன்னிருக்கைக்கு எதிரே சாமான் வைக்கும் சின்னக் கதவின் உட்பக்கத்தில் கம்பெனிக்காரன் ஒட்டிய காகிதத்தில் முன்னால், பின்னால், ஆள் நிறைந்தால், குறைந்தால் என்று தனித்தனியாக எண் போட்டிருந்தது. எண்களுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததெல்லாம் ஈரம் பட்டு அழிந்துபோயிருந்தது. எண் போதும் என்றார் அப்பா. ஆள் குறைந்தால் நாலு சக்கரத்துக்கும் இருபத்தாறு பவுண்டு. கடையில் ஒரு கைமீட்டரும் கால் பம்ப்பும் வாங்கிக்கொண்டார். ஞாயிறு மாலை கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்போது, வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த பங்க்கில் நாலு டயரையும் இருபத்தாறுக்குக் கொண்டுவந்து, தன் மீட்டரிலும் ஒருமுறை பார்த்து, பிறகுதான் முற்றத்தில் நிறுத்துவார்.

முதல் திங்கட்கிழமை காலை அளந்தார். நாலிலும் இருபத்திரண்டு.

அப்பா பயந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை நான் மறைக்கக் கூடாது. அதற்கு முந்தின மழைக்காலத்தில் சூளகிரி இறக்கத்தில் ஒரு வேன் டயர் வெடித்துக் கவிழ்ந்து, அப்பாவின் பிரிவில் வேலைபார்த்த ஒருவர் இறந்துபோனார். காற்றுக் குறைந்த டயர்தான் சூடாகி வெடித்தது என்று பேசிக்கொண்டார்கள். அதே இறக்கத்தில்தான் நாங்கள் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வாராவாரம் போனோம். ஆகவே அந்த நாலு பவுண்டு அவருக்கு வெறும் காற்று அல்ல.

பஞ்சர் கடையில் டியூப்பை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்கள். ஒரு குமிழி வரவில்லை. அப்பா திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமலே படியில் நின்று அம்மாவிடம் சொன்னார்:

"ஒரு டயர்னா ஆணி. நாலும்னா ஆளு."

அன்றிலிருந்து வீட்டின் காற்றே மாறிவிட்டது. அன்று ராத்திரி, சாப்பிட்ட பிறகு, கால் பம்ப்பால் மிதித்து மறுபடி இருபத்தாறு வைத்தார். செவ்வாய் காலை அளந்தார், குறையவில்லை. புதனும் குறையவில்லை. மற்ற யாருக்கும் இது ஒரு நல்ல செய்தி. அப்பாவுக்கு இதுவும் சாட்சியாகிவிட்டது. நாம் கவனிக்கிறோம் என்று தெரிந்து கையைச் சுருட்டிக்கொண்டார்கள் என்றார். அடுத்த ஞாயிறு போய்வந்தோம். திங்கள் காலை மறுபடி இருபத்திரண்டு. திங்கட்கிழமை என்றால் யார் வீட்டில் இருப்பார்கள் என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டுக் கீழ்வீட்டைப் பார்த்தார். மாமா மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காரணமும் கிடைத்துவிட்டது. கார் வந்த பிறகு புளி காயவைக்க முற்றத்தில் பாதி இடம்தான் மிஞ்சியது. அத்தை ஒரே ஒருமுறை, வெயில் இறங்குகிற வரைக்கும் வண்டியைத் தெருவில் நிறுத்த முடியுமா என்று கேட்டிருந்தார். கேட்ட குரலில் ஒரு குறையும் இல்லை. இப்போது அந்தக் கேள்வியை அப்பா எடுத்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அவளுடைய பெயர் வெட்டிய ஒரு எவர்சில்வர் டம்ளர் ஆடி மாதத்திலிருந்தே காணவில்லை. அது கிணற்றடியில் தொலைந்தது என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது, கீழ்வீட்டுக்குப் பொரி கொடுத்தனுப்பித் திரும்பி வராத டம்ளர் அதுதானோ என்று ஆரம்பித்தாள். நான் என் பங்குக்குப் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவளின் விரல்களைப் பார்த்தேன். வால்வு மூடியைத் திருகினால் கறுப்புப் படியும் என்று அப்பா சொல்லியிருந்தார். அவள் விரலில் இருந்தது பழுப்பு. பழுப்புக்கு அடியில் கறுப்பு இருக்குமோ என்று பார்த்தேன்.

மாசியில் ஒரு ஞாயிறு. திரும்பிவந்ததும், பொழுது சாயும் நேரத்தில், அப்பா கோலமாவை எடுத்துவந்து காரைச் சுற்றி மெல்லியதாகத் தூவினார். அம்மா அதற்கு வெளிச்சம் பிடித்தாள். விடிந்ததும் நாங்கள் மூவரும் இறங்கினோம். பனி இன்னும் விலகவில்லை. முன்சக்கரத்தின் பக்கத்தில் மாவின் மேல் பாதம் தெளிவாகப் பதிந்திருந்தது. மெட்டி விரல் தரையில் படாமல் சற்றுத் தூக்கியிருக்கும் பாதம். அது அத்தையுடையது. அப்பா மீட்டரை வைத்தார். இருபத்திரண்டு.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்த வீட்டில் விடியுமுன்னே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவது அத்தைதான். வாசலுக்குப் போக அந்தச் சக்கரத்தை ஒட்டித்தான் வழி. இது எங்கள் மூவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் காலையில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அப்பா மாமாவைக் கூப்பிட்டார். அத்தையும் வந்தார், பின்னால் அவர்கள் மகளும் பள்ளிக்கூட உடையோடு வந்து நின்றாள். அப்பா சத்தம் போடவில்லை. அலுவலகத்தில் கேட்கிற மாதிரி கேட்டார். பாதத்தைக் காட்டினார், மீட்டரைக் காட்டினார். மாமாவுக்கு முதலில் என்ன குற்றம் என்றே விளங்கவில்லை. விளங்கியதும் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"மேமு தீயலேது அண்ணா," என்றார் அத்தை. பதற்றத்தில் தெலுங்கு வந்துவிட்டது. பிறகு தமிழில் சொன்னார்: "நாங்க எடுக்கலீங்ணா. உங்க வண்டிக் காத்து எங்களுக்கு என்னாத்துக்கு?"

"எடுத்து என்ன பண்ணப் போறீங்கன்னு நான் கேக்கல. இந்த வண்டியில என் புள்ளைங்க போகுது. அதத்தான் சொல்றேன்."

அத்தை அம்மாவைப் பார்த்தார். "அண்ணி, நீங்களுமா?" என்று மட்டும் கேட்டார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மாடி ஏறிவிட்டாள்.

அப்பா வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னார். அவர் உடனே நம்பினார். அவ்வளவு சீக்கிரம் நம்பியதில் அப்பாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த ஒரு இடத்தில் வரவில்லை. கீழ்வீட்டைத் தொழிற்சாலைப் பையன்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விட வீட்டுக்காரர் வெகுநாளாக வழி பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. முழுப் பரீட்சை முடிகிறவரை இருந்துகொள்கிறோம் என்று மாமா கேட்டாராம். வீட்டுக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டார். மாசி முடிவதற்குள் ஒரு டெம்போவில் பாத்திரம், பாய், புளி மூட்டை எல்லாம் ஏறின. அவர்கள் மகள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மேலே பார்க்கவில்லை. பெஞ்சில் என் பக்கத்து இடம் அந்த வருடம் முழுக்கக் காலியாகவே இருந்தது.

கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. அப்பா கேட்டுக்கு ஒரு பெரிய பூட்டு வாங்கி மாட்டினார். இரண்டே சாவி. ஒன்று அவரிடம், ஒன்று அம்மாவிடம். அந்த ஞாயிறு நிம்மதியாகப் போய்வந்தோம். வழியில் அப்பா தம்பிக்கு வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தார், ஏதோ பாட்டை முணுமுணுத்தார்.

திங்கள் காலை இருபத்திரண்டு.

அப்பா மீட்டரைப் பிடித்தபடி குந்தியிருந்தார். வெகுநேரம் எழவில்லை. அன்று ஏதோ பண்டிகை, கம்பெனி விடுமுறை. நான் படியில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், பூட்டிய கீழ்வீட்டைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். அம்மா துணி உதறிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையை அம்மா புரிந்துகொள்ள ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மாதமாக அந்தப் பார்வை யார் மேல் எப்படி விழுந்தது என்று கூடவே நின்று பார்த்தவள்தானே.

"இன்னொரு சாவி ஒங்கிட்டதான இருக்கு," என்றார் அப்பா.

அம்மா கீழே இறங்கி வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். "எனக்கு இந்த வண்டி புடிக்காது. அதனால காத்தப் புடுங்கி, இது ஆகாத வண்டின்னு ஒங்கள நம்ப வைக்கப் பாக்கேன். அதான நெனைக்கீங்க?" என்றாள்.

அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். மேலே போய் ஒரு இரும்பு நாற்காலியைக் கொண்டுவந்து காருக்கு முன்னால் போட்டாள். "இங்கயே உக்காருங்க. நானும் வரமாட்டேன், பிள்ளைகளும் வராது. மதியம் வரைக்கும் யாரும் தொடாம நீங்களே பாத்துக்கோங்க. அப்புறம் அளங்க. அதே இருபத்திரண்டு இருக்கட்டும். பெறகு என்னச் சொல்லுங்க," என்றாள்.

இதில் என்ன நிரூபணம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. தன் மேல் கைவைத்த சந்தேகத்தை ஏதாவது ஒன்று செய்து தள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்பாவும் பிடிவாதத்தில் உட்கார்ந்தார். பனி விலகி வெயில் ஏறியது. மாசி மாதத்து ஓசூரில் விடியலில் பல் கிடுகிடுக்கும், உச்சியில் தலை கொதிக்கும், உங்களுக்குத் தெரியும். காரின் மேல், டயர்களின் மேல் வெயில் நேராக விழுந்தது. ரெக்சின் நாற்றம் முற்றத்துக்கு வந்தது. அப்பா காப்பி கேட்கவில்லை, அம்மாவும் கொடுக்கவில்லை. நான் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவர் அசையாமல் இருந்தார்.

மதியம் அம்மா படியின் நடுவில் வந்து நின்று, அளங்க என்றாள். அப்பா முன் டயரில் மீட்டரை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அடுத்த டயருக்குப் போனார். நாலையும் பார்த்துவிட்டு முதல் டயருக்கே திரும்பி வந்தார்.

"எவ்வளவு?" என்றாள் அம்மா.

"இருபத்தஞ்சு."

அம்மாவுக்கும் திகைப்புத்தான். மெதுவாகக் கேட்டாள்:

"எடுத்தது யாருன்னு கேட்டீங்க. இப்பக் கொண்டாந்து வச்சது யாரு?"

அப்பா டயரின் மேல் கையை வைத்தார். சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் வேலைபார்த்த இடத்தில் அளவெடுக்கும் அறையை எப்போதும் ஒரே குளிரில் வைத்திருப்பார்கள். சூடான இரும்பை ஆறவைக்காமல் அளந்த ஒரு புது ஆளை அவரே திட்டியதை எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். மேடேறி ஓடிவந்து கொதிக்கிற டயரில், கூடுதலாகக் காட்டிய காற்றைத் தானே இறக்கி இருபத்தாறு வைத்து, ஓசூர்ப் பனியில் அதை ஆறவிட்டு அளந்தால் இருபத்திரண்டுதான் காட்டும். வண்டி ஓடாத நாட்களில் காலைக்குக் காலை குறையாமல் இருந்ததும் அதனால்தான். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. குற்றம் சொல்ல ஆள் கிடைத்துவிட்டதால் யோசிக்கத் தேவைப்படவில்லை.

அந்த வாரம் முழுக்க அம்மா அவரோடு பேசவில்லை. ஒரே ஒன்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி வேண்டாம், பேரிகைக்குப் போக வேண்டும்.

ஞாயிறு காலை, வண்டி எடுப்பதற்கு முன்னால், குளிரிலேயே அப்பா நாலு டயருக்கும் கால் பம்ப்பால் காற்று வைத்தார். எங்கள் எல்லோரையும் கணக்கில் எடுத்து, ஆள் நிறைந்தால் என்று போட்ட எண்ணையே பின்சக்கரங்களுக்கு வைத்தார். அதுதான் அந்தக் கார் முதன்முறையாகச் சரியான காற்றோடு ஓடிய நாள். வண்டி அலையாமல் போனது.

பேரிகையில் அவர்கள் வீடு ஊருக்குள், மண் ரோட்டை ஒட்டி இருந்தது. முன்னால் புளி குவிந்துகிடந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேரோடு அத்தை உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் எல்லாருடைய கையும் நின்றது. மாமா கட்டிலைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னார், சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அப்பா உட்காரவில்லை. நின்றபடியே பேச ஆரம்பித்தார். சூட்டில் காற்று விரிவது, குளிரில் சுருங்குவது, மீட்டர் காட்டுவது, வெயிலில் உட்கார்ந்து தானே பார்த்தது. ஒரு பாடம் மாதிரி சொன்னார். தப்பு என்ற சொல் வருகிற இடத்துக்கு நாலைந்து முறை கிட்டே வந்து, ஒவ்வொரு முறையும் சுற்றிக்கொண்டு போனார். கடைசியில், ஆகவே காற்றை யாரும் எடுக்கவில்லை என்று முடித்தார்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டார். கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார்.

"அதத்தானேண்ணா நாங்க அன்னைக்கே சொன்னோம்," என்றார். "நாங்க சொன்னது பத்தல. மீட்டரு சொன்னாத்தான் உங்களுக்கு ஆச்சி."

கோபமாகச் சொல்லவில்லை. அம்மா போய் அத்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மகளை எங்களோடு அனுப்புங்கள், பரீட்சை முடியும்வரை எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், என் பொறுப்பு என்று கையைப் பிடித்தாள். அத்தை கையை உருவவில்லை. உங்கள் வீட்டில் இன்னொரு சாமான் காணாமல் போனால் என் பிள்ளை என்ன செய்வாள் என்று கேட்டார். டம்ளர் பேச்சு அவர் காதுவரை வந்திருக்கிறது. அம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

அத்தை மகள் வீட்டுக்குள்தான் இருந்தாள். கதவுக்குப் பின்னால் பாவாடை விளிம்பு தெரிந்தது. நான் கூப்பிடலாமா என்று நின்றேன். எந்தக் குரலில் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

நாங்கள் கிளம்பினோம். அதற்குள் தெருப் பிள்ளைகள் காரைச் சூழ்ந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அந்த ஊருக்குக் கார் வருவதே அபூர்வம். ஒருவன் விளக்கைத் தடவினான். ஒரு குட்டிப் பெண் சக்கரத்தின் முன்னால் குந்தி, வால்வு மூடியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அப்போதுதான் அத்தை மகள் வெளியே வந்தாள். ஓடிவந்து அந்தக் குழந்தையை இடுப்போடு தூக்கினாள். மற்றவர்களையும் தெலுங்கில் அதட்டி, ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்துக் காரைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய், எதிர்ச் சுவர் ஓரமாக வரிசையாக நிற்க வைத்தாள். தானும் அவர்களோடு நின்றாள். குழந்தையின் இரண்டு கைகளையும் தன் ஒரு கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்பா சாவியைத் திருகி, வண்டியைப் பின்னுக்கு எடுத்து, தெருமுனையில் திருப்புகிறவரை நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்களில் ஒருவரையும் அவள் நகரவிடவில்லை.